கால் பிரண்டது முதல் மறுபடி ஆடுவது வரை: கணுக்கால் சுளுக்கு ஆறும் வரிசை

வாலிபால் வலைக்கு முன்னால் எகிறிவிட்டு எதிராளியின் பாதத்தின்மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன். இரண்டு முறையும் அதே வலது கால். நடுவில் ஐந்து வாரம்தான் இடைவெளி. மூன்றாவது வாரமே வலி போய்விட்டது, சரியாகிவிட்டது என்று இறங்கி ஆடினேன். வலி போகும் தேதி வேறு, உள்ளே ஆறி முடியும் தேதி வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் எங்கள் மைதானத்துத் தம்பிகள் பலருக்குக் கட்டுப் போட்டுவிட்டு, பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப்போய், அவர் சொன்ன பயிற்சியைப் பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் அதே நாலைந்து இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

கீழே சொல்வது, பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்கத்து மொழிக்கு (கணுக்காலில் துருத்தி நிற்கும் எலும்புக்கு) கீழேயும் முன்னேயும் வலிக்கிற வழக்கமான சுளுக்குக்கு. மற்ற சதை, ஜவ்வுக் காயங்களும் இதே வரிசையில்தான் ஆறும். நாட்கணக்குதான் மாறும், அது 8-ஆம் பகுதியில்.

## 1. முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு அங்குல கிரேப் பேண்டேஜ் இரண்டு வேண்டும். ஒன்று துவைத்துக் காயும்போது இன்னொன்று காலில் இருக்கும். ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாக்கெட் நாலைந்து. முழுக்கட்டியாக உறையும் முன் எடுத்தால் கணுக்காலின் வளைவில் நன்றாகப் படியும். கனமான தலையணை இரண்டு, ஒரு கைத்தடி, இரண்டாவது வாரத்துக்கு ஒரு முழம் பழைய சைக்கிள் ட்யூப்.

இன்னொன்று, சின்ன நோட்டு. தினமும் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடியில் வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட்டு எழுதுங்கள். பயிற்சியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை இந்தக் காலை மார்க்தான் சொல்லப்போகிறது. நினைவை நம்பினால் ஏமாறுவோம், ஆட ஆசைப்படுகிற மனசுக்கு நேற்றைய வலி குறைவாகவே ஞாபகம் இருக்கும்.

## 2. முதலில் எலும்பைப் பாருங்கள்

ஐஸ் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. எலும்பு முறிந்திருந்தால் கீழே உள்ள எந்தப் படியும் பொருந்தாது.

கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் மருத்துவர்கள் வகுத்த ஒரு விதி இருக்கிறது. இன்றும் அவசரப் பிரிவுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். கணுக்காலின் இரண்டு பக்கத்து மொழி எலும்புகளின் நுனியையும், அதிலிருந்து மேலே ஆறு சென்டிமீட்டர் வரை பின்விளிம்பையும் விரலால் அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் துருத்தி நிற்கும் மேட்டையும், உள்பக்கத்தில் பாதவளைவின் உச்சியில் தட்டுப்படும் எலும்பையும் அழுத்துங்கள். எலும்பின்மேல் வலித்தால் எக்ஸ்ரே. அடிபட்டவுடனும், இப்போதும், நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே.

சுண்டுவிரல் பக்கத்து மேட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கால் மடங்கும்போது முறியும் இடங்களில் அதுவும் ஒன்று. சுளுக்குதான் என்று அந்த முறிவோடு ஒரு வாரம் பள்ளிக்கூடம் போய்வந்த பையனைப் பார்த்திருக்கிறேன்.

வளரும் பிள்ளைகளுக்கு ஜவ்வைவிட எலும்பின் வளர்ச்சித் தகடு பலவீனமானது. அதனால் அவர்களுக்குச் சந்தேகம் வந்தாலே டாக்டரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் அப்படியே, அவர்களுக்கு வலியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கால் கோணிக்கொண்டிருந்தாலோ, விரல்கள் சில்லிட்டு வெளுத்திருந்தாலோ, குதிகாலுக்கு மேலே பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் ‘டப்’பென்று கேட்டு நுனிக்காலில் எழும்ப முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் காயமே இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். கிழிந்த ஜவ்வு அதில் தெரியாது.

## 3. முதல் மூன்று நாள்: வீங்க விடுங்கள், வழிய விடாதீர்கள்

வெளிமொழியையும் அதற்கு முன்னால் உள்ள எலும்பையும் கட்டும் ஒரு சின்ன லிகமென்ட்தான் முதலில் கிழிகிறது. நம் ஊரில் ஜவ்வு என்பது இதைத்தான். அதோடு சின்ன ரத்தக்குழாய்களும் அறுந்து ரத்தம் கசிகிறது. சில மணி நேரத்தில் கசிவு நிற்கும். அப்புறம் வெள்ளணுக்கள் வந்து இறங்கும். முதலில் வருபவை சிதைந்ததைத் தாக்கிக் கரைக்கும், அடுத்து வருபவை குப்பையை விழுங்கிக்கொண்டே ‘கட்டட வேலையைத் தொடங்கலாம்’ என்று மற்ற செல்களுக்குச் சேதி அனுப்பும். சூடு, சிவப்பு, வீக்கம், விண்ணென்று தெறிக்கும் வலி எல்லாம் இந்த வேலையின் அறிகுறிகள். இந்தக் கட்டம் நடக்காமல் அடுத்தது வராது.

அதனால் முதல் மூன்று நாளில் நம் வேலை, வீக்கத்தை ஒழிப்பது என்று நினைக்காமல் அது அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது.

கட்டு: பாதத்தை காலோடு செங்கோணத்தில் நிறுத்திக்கொண்டு, விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். கணுக்காலில் எட்டுப் போட்டதுபோல் போகட்டும். குதிகாலைத் திறந்து விடாதீர்கள், மற்ற இடத்தை இறுக்கினால் நீரெல்லாம் அந்த ஓட்டையில் வந்து பிதுங்கும். மேலிருந்து கீழே சுற்றுவதும் இதே தப்புதான், வீக்கத்தைப் பாதத்துக்குள் தள்ளிவிடும். முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். தூங்கும்போது கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

உயரம்: நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் காலை நீட்டுவதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். அது போதாது. கணுக்கால் நெஞ்சைவிட உயரத்தில் இருந்தால்தான் நீர் திரும்பி வடியும். மல்லாந்து படுத்துக்கொண்டு காலுக்கு அடியில் இரண்டு தலையணை வையுங்கள்.

ஐஸ்: ஈரத்துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் ஓரிரு நாள் போதும். இது வலிக்குத்தான். ஐஸ் வைத்தால் சீக்கிரம் ஆறும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஓய்வு, ஐஸ், அழுத்தக்கட்டு, உயரம் என்ற ‘ரைஸ்’ சூத்திரத்தை 1978-இல் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்காலத்தில், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள், வைத்துக்கொண்டே தூங்கிவிடவும் கூடாது.

மாத்திரை: வலி தாங்கவில்லை என்றால் முதலில் பாராசிட்டமால். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்கள் டைக்ளோஃபெனாக் ஜெல்லை மேலே பூசலாம். பூசத்தான் வேண்டும், தேய்க்கக் கூடாது.

இனி, சுளுக்கு வழிப்பது. அடிபட்ட அன்றே நல்லெண்ணெய் தடவி உருவிவிட ஊருக்கு ஓர் ஆள் இருப்பார். அவரை எனக்கும் பிடிக்கும், அவர் கைக்கு இதமும் உண்டு. ஆனால் முதல் மூன்று நாளில் வேண்டாம். அப்போதுதான் அடைந்த ரத்தக்குழாய்கள் மறுபடி திறந்துகொள்ளும், கிழிசல் பெரிதாகும். சூட்டு ஒத்தடம், மது, ‘நடந்தால் சரியாகிவிடும்’ என்று ஓடிப்பார்ப்பது, இவையும் இந்த மூன்று நாளில் அதே காரணத்துக்காகக் கூடாது. புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பற்றுப் போடுகிறவர்கள் மூன்று நாள் பொறுக்கலாம். அதற்கப்புறமும் சூடு கை பொறுக்கும் அளவில் இருக்கட்டும், பற்றுப் போட்டுத் தோல் வெந்துபோன காலைப் பார்த்திருக்கிறேன்.

## 4. நான்காம் நாள் முதல்: மிதிக்கப் பழகுங்கள்

இப்போது நீலம் பாரித்தது பச்சையாகி மஞ்சளாகும். கசிந்த ரத்தத்தின் நிறப்பொருள் சிதையும் வரிசைதான் அது. சில நாளில் அந்த நிறம் குதிகால் ஓரத்துக்கும் விரல்களுக்கும் இறங்கும். ‘புதுசா எங்கேயோ அடிபட்டிருக்கு’ என்று பயப்படுவார்கள். புவியீர்ப்பில் ரத்தம் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் நாளில் டாக்டரைப் பார்த்திருந்தாலும், மூட்டு ஆட்டம் காண்கிறதா என்பதை இந்த நாலைந்தாம் நாளில் மறுபடி காட்டுவது நல்லது. வீக்கத்திலும் வலியிலும் முதல் நாளில் எந்தக் கணுக்காலையும் சரியாகச் சோதிக்க முடியாது. ஜவ்வு முழுக்க அறுந்திருந்தால் பத்து நாள் அளவுக்குக் கட்டோ, கணுக்காலை அசையவிடாத பூட்ஸோ போடச் சொல்வார்கள். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அசையாமல் வைப்பது கெடுதல்.

உட்கார்ந்துகொண்டு பாதத்தை முன்னும் பின்னும் அசைப்பதில் தொடங்குங்கள். இதை வலிக்காத அளவில் இரண்டாம் நாளே செய்யலாம். கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போது தேங்கிய நீரை மேலே தள்ளும். நாலாம் நாள் முதல் கட்டைவிரலால் காற்றில் எழுதுங்கள். இங்கிலீஷ் எழுத்து எழுதச் சொல்வார்கள், நான் தமிழைத்தான் எழுத வைக்கிறேன். அ, ஆ, இ, ஈ எழுத கணுக்கால் எல்லாத் திசையிலும் சுழல வேண்டியிருக்கிறது. ‘ஈ’ எழுதும்போது வலித்தால் அதை விட்டு ‘ட’, ‘ப’ எழுதுங்கள்.

நடப்பதில் ஒரு விதி: தடியை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வலது கால் என்றால் இடது கை. வலிக்கிற பக்கமே தடியைப் பிடிப்பதுதான் இயல்பாக வரும், ஆனால் அப்படிப் பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாயும், பாரம் குறையாது. இன்னொன்று, பாதத்தை வெளியே திருப்பி இழுத்து இழுத்து நடக்காதீர்கள். குதிகால் முதலில், விரல் கடைசியில். அதற்காகச் சின்ன சின்ன அடியாக வைத்தாலும் பரவாயில்லை. கோணல் நடை இரண்டு வாரம் நீடித்தால் வலி போன பிறகும் அதுவே பழக்கமாகிவிடும், முட்டியும் இடுப்பும் சேர்ந்து வலிக்கத் தொடங்கும்.

## 5. இரண்டாம் வாரம் முதல்: வைக்கோலைப் புரியாகத் திரிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அடிபட்ட ஓரிரு நாளிலேயே உடம்பு புது நார்களை, அதாவது கொலாஜனை, நெய்யத் தொடங்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் இந்த வேலை உச்சத்தில் இருக்கும். ஆனால் முதலில் போடுவது மெல்லிய அவசரகால நார், வைக்கோலை அள்ளிப் போட்டதுபோல் எல்லாத் திசையிலும் கிடக்கும். இடைவெளி அடைந்துவிட்டதால் வலி குறைந்துவிடும். வலு மட்டும் இருக்காது. மூன்றாவது வாரத்தில் நான் ஆடப் போனது இந்த வைக்கோலை நம்பித்தான்.

அதே வைக்கோலைத் திரித்தால் கயிறுபோன்ற புரியாகிறது, வைக்கோல் போரையே கட்டலாம். ஜவ்வில் அந்தத் திரிக்கும் வேலையைச் செய்வது இழுவிசை. எந்தத் திசையில் மிதமாக இழுபடுகிறதோ அந்தத் திசையில் நார்கள் அடுக்கிக்கொள்ளும், மெல்லிய நார் போய்த் தடித்த நார் வரும். இந்த மாற்றம் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி ஒரு வருடத்துக்கும் மேல் நடக்கும். படுத்தே கிடந்தால் நார் குறுக்கும் நெடுக்குமாகவே இறுகி, தடித்த, விறைத்த தழும்பாக நின்றுவிடும். அளவுக்கு மீறி இழுத்தால் அறுந்துபோய் மறுபடி முதல் நாள்.

பயிற்சியின் வரிசை இதற்காகத்தான். பாதத்தின் வெளி ஓரத்தைச் சுவரில் வைத்து, அசையாமல் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். ஐந்து விநாடி, பத்து முறை. வலிக்காமல் இது முடிந்தால், சைக்கிள் ட்யூபை மேசைக்காலில் கட்டி, பாதத்தில் மாட்டி, வெளிப்பக்கம் இழுங்கள். காலின் வெளிப்பக்கத் தசைகள்தான் அடுத்த முறை பாதம் மடங்கும்போது பிடித்து நிறுத்த வேண்டியவை. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பிறகு இரண்டு காலில் ஏறி, அடிபட்ட ஒற்றைக்காலில் இறங்குங்கள். கடைசியில் ஏறுவதும் அதே ஒற்றைக்காலில்.

எவ்வளவு செய்வது? இங்கேதான் அந்த நோட்டு. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம். மறுநாள் காலை மார்க் முந்தைய நாளைவிடக் கூடாவிட்டால் அளவு சரி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டலாம். கூடியிருந்தாலோ கணுக்கால் மறுபடி உப்பியிருந்தாலோ பாதியாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள். ஒருநாள் வலித்ததும் ஒரு வாரம் விட்டுவிட்டு, வலி போனதும் மறுபடி முழு வேகத்தில் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு.

ஆட்டுக்கால் சூப் பற்றிக் கேட்பீர்கள். குடியுங்கள், நன்றாக இருக்கும். அதிலுள்ள கொலாஜன் அப்படியே போய் உங்கள் கணுக்காலில் ஒட்டாது, வயிறும் குடலும் அதைப் பிரித்துவிடும். முட்டை, பருப்பு, சுண்டல் என்று புரதமும், கொய்யா, நெல்லிக்காயும் தினமும் கிடைத்தால் போதும். வைட்டமின் சி இல்லாமல் உடம்பால் கொலாஜனை உறுதியாகக் கட்ட முடியாது. புகைபிடித்தால் ஆறுவது தாமதமாகும்.

## 6. கூடவே, ஒற்றைக்காலில் நில்லுங்கள்

வலுவுக்கான பயிற்சியைச் செய்பவர்கள்கூட இதை விளையாட்டு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஜவ்வுக்குள் நரம்பு முனைகள் உண்டு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே மூளைக்குச் சொல்வதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. ஜவ்வு கிழியும்போது அவையும் சேதப்படுகின்றன. சேதி தாமதமாகப் போகிற கால், சின்னக் கல்லை மிதித்தாலும் மடங்கும்.

வலியில்லாமல் முழு எடை வைக்க முடிந்த நாளிலிருந்து தொடங்குங்கள். சுவருக்கு அருகில் 30 விநாடி ஒற்றைக்காலில் நில்லுங்கள். தடுமாறாமல் நிற்க முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் வந்துவிட்டால் தலையணையின்மேல். அப்புறம் தலையணையில் நின்றுகொண்டு யாரையாவது பந்து எறியச் சொல்லிப் பிடியுங்கள். நல்ல காலில் எத்தனை விநாடி நிற்கிறீர்கள் என்பதுதான் உங்கள் இலக்கு. பல் தேய்க்கும்போது செய்கிற ஒரு தம்பி இருக்கிறான், அவன் மட்டும்தான் ஒருநாளும் விடாமல் செய்தவன்.

## 7. ஆட இறங்கும் முன் ஐந்து சோதனை

நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரம், நடுத்தரம் மூன்று முதல் ஆறு வாரம், ஜவ்வு முழுக்க அறுந்தது மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் என்பது தோராயக் கணக்கு. உங்கள் கால் எங்கே இருக்கிறது என்பதை நல்ல காலோடு ஒப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முதலாவது, சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். பாதத்தை எவ்வளவு பின்னால் வைத்தும் தொட முடிகிறது என்று இரண்டு காலையும் அளந்து பாருங்கள். விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கணுக்கால் இன்னும் விறைப்பு. இரண்டாவது, ஒற்றைக்காலில் குதிகால் தூக்குவது, நல்ல கால் எத்தனையோ அத்தனை. மூன்றாவது, கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்பது. நான்காவது, ஒற்றைக்காலில் முன்னால் தாவி, இறங்கிய இடத்திலேயே அசையாமல் நிற்பது. ஐந்தாவது, மைதானத்தில் எட்டு வடிவில் ஓடுவது, முதலில் பெரிய எட்டு, அப்புறம் சின்னது.

ஐந்தும் தேறி, மறுநாள் காலை வீக்கமில்லை என்றால் பயிற்சி ஆட்டம். ஒரு வாரம் அது சரியாகப் போனால்தான் போட்டி. வாலிபால் ஆடுபவர்கள் வலைக்கு அருகே தடுப்பு போடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் அடுத்தவர் பாதத்தின்மேல் இறங்க நேர்கிறது.

## 8. கணுக்கால் அல்லாத காயங்களுக்கு

தசை வேகமாக ஆறும். அதற்கு ரத்த ஓட்டம் அதிகம், புதுத் தசை இழை உண்டாக்கும் செல்களும் உள்ளேயே உண்டு. பின்தொடைச் சதை லேசாக இழுத்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரம். ஆனால் முதல் சில நாள் அதை நீட்டி இழுக்கக் கூடாது. கபடியில் தொடையில் முட்டி இடித்து ஊமைக்காயம் பட்டால், அந்த இடத்தை அழுத்தி உருவ விடவே விடாதீர்கள். ரத்தக்கட்டு இருந்த இடத்தில் சதைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

தசையை எலும்போடு கட்டும் டெண்டானுக்கு ரத்த ஓட்டம் குறைவு. குதிகாலுக்குப் பின்னால் மாதக்கணக்கில் வலிப்பது பெரும்பாலும் புதுக் காயமில்லை, அதிகப் பயன்பாட்டால் நார் தேய்ந்தது. ஓய்வெடுத்தால் வலி குறையும், ஓடினால் திரும்ப வரும். பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டும் பயிற்சி மூன்று மாதமாவது வேண்டும்.

முட்டியில் ‘ஜவ்வு’ என்ற ஒரே சொல் குழப்பத்தைக் கிளப்பும். நடுவில் உள்ள லிகமென்ட்டும் ஜவ்வு, பிறை வடிவக் குருத்தெலும்புத் தட்டும் ஜவ்வு. அந்தத் தட்டின் வெளி ஓரத்துக்கு ரத்தம் போகும், உள் பகுதிக்குப் போகாது. அதனால் ஒருவருக்கு ஆபரேஷன் இல்லாமல் ஆறியதை வைத்து இன்னொருவர் முடிவெடுக்க முடியாது. எந்த ஜவ்வு, எந்த இடம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

## 9. வரிசைப்படி செய்தும் நகரவில்லை என்றால்

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். அதோடு மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடேறினாலும் உடனே காட்டுங்கள்.

இவை அவசரம். அவசரமில்லாதவையும் உண்டு. ஆறு வாரம் கழித்தும் கணுக்காலின் ஆழத்தில் வலிக்கிறது, நடக்கும்போது எதிலோ சிக்கிக்கொள்கிறது என்றால் மூட்டுக்குள் குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். மொழிக்கு மேலே, இரண்டு காலெலும்புகளுக்கு நடுவில் வலித்தால் அது வேறு வகைச் சுளுக்கு, இன்னும் அதிக நாள் எடுக்கும். சமதரையில் நடக்கும்போதே கால் திடீர் திடீரென்று மடங்கினால் மூட்டு தளர்ந்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் எம்ஆர்ஐ தேவையா என்று எலும்பு மருத்துவர் சொல்வார்.

எல்லாம் சரியாகப் போனவர்களுக்கு: மறுபடி மடங்கும் ஆபத்து முதல் வருடத்தில்தான் அதிகம். அந்த ஒரு வருடம் ஆடும்போது மட்டும் கணுக்கால் பிரேஸ் (கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பட்டை வைத்த உறை) மாட்டுங்கள், ஒற்றைக்காலில் நிற்பதை வாரத்தில் மூன்று நாளாவது தொடருங்கள். என்னுடைய பிரேஸின் பட்டை ஒன்று பிய்ந்து, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். இன்னும் உழைக்கிறது.